இதல்கஸ்ஹின்னைக்கு அக்காவோடு

“ரோடு நல்லாருக்கா?” என்று, இலங்கை மலையகத்தில் அப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்னைக்கு நடந்து போகும் வழி பற்றி மூன்று பேரிடம் கேட்டேன். அப்புத்தளை ரயில் கடவைக்குப் பக்கத்தில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த இளைஞர், விறகுக் கட்டோடு இறங்கி வந்த ஒரு பெரியவர், மரக்கறிக் கடையில் லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்த பெண். மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “நல்ல ரோடுதானே, தாராளமா போலாம்.”

யாரும் பொய் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் சொன்னது அடிசம் பங்களா கேட் வரை போகும் தார் ரோட்டை. பெரியவர் சொன்னது தன் காலுக்குப் பழகிய ஒற்றையடிப் பாதையை. அந்தப் பெண் சொன்னது ரயில் பாதையை என்பது பிறகுதான் விளங்கியது. நான் கேட்டதோ அக்காவுக்காக. அந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு அப்போது 55 வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போனது. இடது காலில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி, வலது கையில் முழங்கைவரை பிடிக்கும் ஊன்றுகோல். சமதரையில் என்னைவிட வேகமாக நடப்பார். பண்டாரவளை டவுனில் சனக்கூட்டத்துக்குள் அவரைப் பிடிக்க நான் ஓட வேண்டும். ஆனால் ஒரு சாண் உயரமுள்ள படியில் ஏறுபவருக்கு ஒரு முழம் உயரமென்றால் முடியாது. பக்கவாட்டில் சரிந்த தரை, ஈரக் கல், அடி தெரியாத புல் மூன்றும் அவருக்கு எதிரி.

நாங்கள் பிறந்தது இதல்கஸ்ஹின்னைப் பக்கம் ஒரு லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். எனக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா பண்டாரவளைக்கு வந்துவிட்டார். அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. தீபாவளிக்கு உடுப்பு எடுக்க அப்புத்தளைக்குப் போகும்போதெல்லாம் அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் மலை முகட்டுப் பாதையில் நடப்பாராம். “அப்பா தோள்ல போன பாதைய ஒரு தடவ என் கால்ல போய்ப் பாக்கணும்” என்று அக்கா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் “பாப்போம்” என்றேன்.

ரயிலில் போனால் இரண்டு ஊருக்கும் இடையே 20 நிமிடம்தான் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து அப்புத்தளை ஸ்டேசன் 1,400 மீற்றருக்கு மேல், இதல்கஸ்ஹின்னை 1,600க்கு மேல். நடந்து போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் போகிறார்கள். ஒன்று, ரயில் பாதை. மற்றது, டவுனிலிருந்து மூன்று கிலோமீற்றர் தள்ளியுள்ள அடிசம் பங்களா வரை ரோட்டில் போய், அங்கிருந்து தங்கமலைக் காட்டுக்குள் நுழைந்து, முகட்டோடு நடந்து, கடைசியில் ரயில் பாதையில் இறங்குவது. அப்பா நடந்தது இந்த இரண்டாவது வழி.

முதல் முறை போனது 2023 நவம்பரில். இப்போது யோசித்தால் அந்த ஒரு நாளில் எத்தனை பிழை விட்டிருக்கிறேன் என்று வெட்கமாக இருக்கிறது. இந்த ஊவா மாகாணப் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். அது தெரிந்தே போனேன், காலையில் வெயில் அடித்தது என்ற ஒரே காரணத்துக்காக. பகல் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குத்தான் ஆட்டோ ஏறினோம். தெற்கே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவருவதும் அந்த நேரத்தில்தான். அப்புத்தளையில் பிறந்த கோழிக்குக்கூட இது தெரியும்.

அதோடு அது ஒரு புதன்கிழமை. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் பங்களா இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதி, போயா என்ற பௌர்ணமி விடுமுறை, பாடசாலை விடுமுறை என்றால்தான் பார்வையாளருக்குத் திறப்பார்கள். மற்ற நாளில் கேட் மூடியிருக்கும். உள்ளே உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், கழிப்பறை போகலாம் என்று நினைத்துக்கொண்டு வந்த எங்களுக்கு கேட்டுக்கு வெளியே ஒரு மதகு மட்டுமே கிடைத்தது. ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவருடைய நம்பரையும் வாங்கவில்லை.

காட்டுக்குள் முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. நிழல், குளிர், அக்கா உற்சாகமாக இருந்தார். பிறகு வேர்கள் வந்தன. மரவேர் படிக்கட்டு போல இருக்கும், ஆனால் எந்த இரண்டு வேரும் ஒரே உயரத்தில் இருக்காது. நனைந்த இலை மேலே விழுந்து மூடியிருக்கும். ஊன்றுகோல் முதலில் வழுக்கும், பிறகு ஆள் வழுக்குவார். ஓரிடத்தில் பாதையின் குறுக்கே பழைய கான் ஒன்று. தோட்டப்பக்கம் பிறந்தவர்களுக்குக் கான் என்றால் சொல்லத் தேவையில்லை, மண் அரிக்காமல் இருக்க மலையைச் சுற்றி வெட்டும் வாய்க்கால். மானாப்புல் இரண்டு பக்கமும் சாய்ந்து அதை முழுக்க மூடிவிட்டது. நான் தாண்டிவிட்டேன், என் கண்ணுக்கே அது தெரியவில்லை. அக்காவின் ஊன்றுகோல் கைப்பிடி வரை உள்ளே போனது. ஆள் பக்கவாட்டில் சாய்ந்தார்.

எலும்பு முறியவில்லை. காலிப்பரின் முழங்கால் பட்டி அறுந்துவிட்டது. பட்டி இல்லாமல் காலிப்பர் வெறும் இரும்பு. அந்த நேரம் பார்த்து மூடுபனியும் வந்து சேர்ந்தது. நாற்பது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. காட்டோரத்துத் தேயிலை மலையில் வேலை முடித்துப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து விரித்து அக்காவை உட்காரவைத்தார். கொழுந்துச் சாக்கின் கயிற்றை எடுத்துக் காலிப்பரைச் சுற்றிக் கட்டியதும் அவர்தான். கட்டிவிட்டு என்னைப் பார்த்து, “கால் சரியில்லாத புள்ளைய இந்த நேரத்துலயா கூட்டிக்கிட்டு வருவீங்க?” என்றார். 55 வயதுப் புள்ளை சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து காலிப்பரைக் கழற்றினால் தோல் பட்டிக்குள் இரண்டு அட்டை, குடித்துப் புடைத்திருந்தன. இளம்பிள்ளை வாதம் வந்த காலில் சக்திதான் இருக்காது, உணர்ச்சி இருக்கும். “கடிக்கிறது தெரிஞ்சிச்சு, ஆனா உன் மூஞ்சியப் பாத்துட்டு சொல்லல” என்றார். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும் என்று நாம் சொல்வோம். காலிப்பர், காலுறை, கட்டு எது போட்டிருந்தாலும் அதன் விளிம்பைச் சுற்றிச் சவர்க்காரம் தேய்த்துவிட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை நின்று பட்டிக்குள் விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது முறைக்கு மூன்று மாதம் ஆயத்தம் செய்தேன். அதில் உருப்படியான வேலை ஒன்றுதான். 2024 பெப்ரவரியில் அக்காவின் பழைய ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். முழுப் பாதையையும் அந்த ஊன்றுகோலை ஊன்றியே நடந்தேன். பார்த்தவர்கள் என் காலுக்கு என்ன என்று விசாரித்தார்கள். எங்கே ஊன்றுகோல் புதைகிறது, எங்கே படி ஒரு சாணுக்கு மேல் போகிறது, எங்கே உட்கார ஒரு கல் இருக்கிறது, எங்கே போனுக்குச் சிக்னல் போய்விடுகிறது என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதினேன். என் காலால் பத்துத் தடவை நடந்திருந்தாலும் இவை என் கண்ணில் பட்டிருக்காது. முழம் உயரத்துக்கு மேல் ஏற வேண்டிய இடங்கள் மட்டும் பத்துக்கு மேல் இருந்தன. அவை எல்லாமே பாதையின் நடுப்பகுதியில்.

முகட்டிலிருந்து ரயில் பாதைக்கு இறங்கிய பிறகு வருவது வேறு பிரச்சினை. ரயில் பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம், ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் பெண்களும் அதில்தான் நடக்கிறார்கள். அவர்களுக்கு நியாயம் இருக்கிறது, எனக்கு இல்லை. கால் ஊனம் இல்லாதவருக்கும் அது நல்ல நடை அல்ல. சிலிப்பர் கட்டைகளின் இடைவெளி யாருடைய எட்டுக்கும் பொருந்தாது. ஒன்றுக்கொன்று மிதித்தால் குறுகல், ஒன்று விட்டு மிதித்தால் நீளம். நடுவே கொட்டியிருக்கும் கருங்கல்லில் கணுக்கால் புரளும், ஊன்றுகோலுக்குப் பிடிமானமே கிடைக்காது.

வெளியூர்க்காரர் கவனிக்காத இன்னொன்று உண்டு. இதல்கஸ்ஹின்னையிலிருந்து அப்புத்தளைக்கு ரயில் இறங்கி வருகிறது. ஏறும் வண்டி மூச்சிரைத்துக்கொண்டு வரும், தூரத்திலேயே கேட்கும். இறங்கும் வண்டி அப்படி இல்லை. அன்று மூடுபனிக்குள் சத்தம் கேட்டு நான் கான் பக்கம் ஒதுங்கிய சில நொடிகளில் எஞ்சின் கடந்து போனது. அந்த நொடியிலேயே நடுப்பகுதி அக்காவுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியைக் காட்டினேன். அக்கா கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் வாசித்துவிட்டு, “அப்ப ரெண்டு பக்கத்துல இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் போவோம், நடுவுல ரயில்ல போவோம்” என்றார். ஒரு பாதையை இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்கித்தான் முடிக்க வேண்டும் என்று எனக்குள் இருந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை அப்புத்தளை ஸ்டேசனில். முதல் நாளே போய் எந்த வண்டி இதல்கஸ்ஹின்னையில் நிற்கும், திரும்ப எது என்று கேட்டு வைத்திருந்தேன். டிக்கட் எடுக்கும்போதே ஏறி இறங்க நேரம் எடுக்கும் ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். கார்ட் காதுக்கு அந்தச் செய்தி போனால் பச்சைக் கொடி காட்டும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். பெட்டிப் படியின் உயரம்தான் அன்றைக்கு முழுக்கக் கடினமான படி. அக்கா ஊன்றுகோலை முதலில் என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து உடம்பை மேலே இழுப்பார். பின்னால் நின்று தூக்கப் போகாதீர்கள். நானும் முன்பு அதைத்தான் செய்தேன், அது அவருடைய சமநிலையைக் கெடுக்கும். பின்னால் கையை விரித்து நின்றால் போதும்.

இதல்கஸ்ஹின்னை ஸ்டேசன் முகட்டின் மேலேயே இருக்கிறது. ஒரு பக்கம் வெலிமடைப் பக்கத்து மலைகள், மறுபக்கம் தரையே விழுந்து போனது போல் தெற்குச் சமவெளி. பெப்ரவரிக் காலை வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது, உடவளவைக் குளம் ஒரு தகடு போல் மின்னியது. அக்கா பிளட்போமில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். காற்று மட்டும் விடவில்லை. இந்த முகட்டில் ஆடிக் காற்றில் ஒற்றை ஊன்றுகோலோடு நிற்பது ஆகாத வேலை. மாசி, பங்குனிதான் எங்களுக்குச் சரி.

அங்கிருந்து தோட்ட ரோட்டில் நடந்தோம். பாதி தூரம் தார் பெயர்ந்து கல் எழுந்த ரோடு, ஏற்றமான இடங்களில் கொங்கிறீட். கொங்கிறீட் என்றால் சுகம் என்று நினைத்திருந்தேன். ஏறும்போது சுகம்தான். இறங்கும்போது சரிவில் ஊன்றுகோல் வழுக்கியது. பார்த்தால் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து மொட்டையாக இருந்தது. பெரிய பெரிய ஆயத்தமெல்லாம் செய்தவன் கையளவு ரப்பரைப் பார்க்கவில்லை. என் சைக்கிள் கையுறையைக் கழற்றி அடியில் சுற்றிக் கட்டினோம். நேராக இறங்காமல் ரோட்டின் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கினார், கொழுந்து நிறை சாக்கோடு பெண்கள் இறங்குவது போல. கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் கை காட்டினார்கள். ஒருவர் அப்பாவின் பெயரைக் கேட்டுவிட்டு, “அட, நீங்களா!” என்றார். அவருக்கு உண்மையில் எங்களைத் தெரியுமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

எங்கள் லயத்தில் இப்போது வேறு குடும்பங்கள். கூரைத் தகடு மாறியிருந்தது. தண்ணீர்ப் பீலி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து கை கழுவினார், குடிக்கவில்லை.

குடிக்காததற்குக் காரணம் உண்டு. இந்த அனுபவத்தில் யாரும் வாய் திறந்து சொல்லாத பகுதி அதுதான். காலிப்பர் போட்ட காலை மடக்கிக் குந்த முடியாது. வழியில் நாங்கள் கண்டதெல்லாம் குந்தும் கழிப்பறைதான். அதனால் காலை ஐந்து மணியிலிருந்து அவர் தண்ணீரே தொடவில்லை. அதை மத்தியானம் தலை சுற்றிய பிறகுதான் என்னிடம் சொன்னார். மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இலேயே சட்டம் வந்தது, பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி பற்றி 2006இல் ஒழுங்குவிதியும் வந்தது. தேயிலை மலைக்கு அது இன்னும் ஏறி வரவில்லை. எனவே எங்கள் ஏற்பாடு இது: கொமட் உள்ள தங்குமிடம் ஒன்றை அப்புத்தளையில் முதலில் பிடிப்பது, அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குள் திரும்பக்கூடிய துண்டாக நடையை வெட்டுவது. கிலோமீற்றரை விட்டுவிட்டுக் கழிப்பறை நேரத்தை வைத்துத் திட்டம் போட்ட பிறகு அக்கா தண்ணீர் குடிக்கிறார்.

மறுநாள் ஞாயிறு காலை எட்டரைக்கு அடிசம் பக்கம் போனோம். இந்தத் தடவை ஆட்டோ காத்திருந்தது. இடது கைக்கு ஒரு இலேசான நடைக்கம்பும் சேர்த்துக்கொண்டார். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் 22 கட்டமாகப் போகும் பீகோ நடைபாதை அப்புத்தளையையும் தொட்டுச் செல்வதால், இரண்டு கையிலும் கம்போடு நடக்கும் வெள்ளைக்காரர்களை இப்போது அடிக்கடி பார்க்கலாம். அவர்களைப் பார்த்துத்தான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. அந்தப் பாதைக்காரர்கள் போடும் கடினம், இலேசு என்ற கணக்கு நல்ல முழங்காலுக்கான கணக்கு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்பியில் நான் குறித்து வைத்திருந்த முதல் முழப்படி வரை போனோம். போன தடவை விழுந்த கானைத் தாண்டித்தான் அது இருந்தது. கம்பால் புல்லை விலக்கி, கானைக் கண்ணால் பார்த்துவிட்டு, நிதானமாகத் தாண்டினார். படிக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். இதற்கு மேல் போகலாமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு காட்டுக்கோழி பாதையைக் கடந்து போனது. திரும்பும்போது மடத்துக் கடையில் ஸ்ட்ரோபெரி ஜாம் இரண்டு போத்தல் வாங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில. 1990 அழைத்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் வாகனம் போகும் ரோடு வரைதான் வரும். எந்த டிவிசன், எத்தனாம் நம்பர் மலை என்று சொல்லத் தெரிந்தால் தோட்டத்து ஆட்கள் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் கொழுந்து பறிப்பவர்களைத் தாண்டும்போது இது எந்த மலை என்று கேட்டுக்கொண்டே போங்கள். குளவிக்கூடு எங்கே என்று கேட்கவும் அதுவே சந்தர்ப்பம். ஓட முடியாத ஆளோடு போகும்போது குளவி சிறுத்தையைவிடப் பயங்கரம். வாசனைத் திரவியம் வேண்டாம், தலையோடு போர்த்த ஒரு தடித்த துணி பையில் இருக்கட்டும்.

மழை பற்றி விளையாட்டே கூடாது. இந்த முகட்டின் தெற்குப் பக்கம்தான் கொஸ்லந்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியாபெத்தை லயங்களை மண் விழுங்கியது அங்கேதான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்கச் சொல்வது வழக்கம். நாங்கள் அவ்வளவுக்குக் காத்திருப்பதில்லை, இரண்டு நாள் தொடர்ந்து பெய்தாலே மூன்றாம் நாள் வீட்டில்தான். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையகத்தின் ரோடுகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் பிய்த்துப் போட்டது. நான் மேலே எழுதியது அதற்கு முந்திய பாதை. புறப்படும் முன் ஸ்டேசனில் கேளுங்கள், 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேளுங்கள், அந்தப் பக்கம் நேற்று நடந்த ஒருவரிடம் கேளுங்கள். கேட்கும்போது யாருக்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: “ஊன்றுகோல் வச்சு நடக்கிற ஆளு, ஒரு சாண் படி ஏறுவாங்க, அதுக்கு மேல முடியாது.” இப்படிக் கேட்டால் “நல்ல ரோடுதான்” என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்சம் யோசிப்பார்கள், பிறகு கையை நீட்டி இடத்தைக் காட்டிச் சொல்வார்கள்.

அக்கா இப்போது தியத்தலாவைப் பக்கம் ஒரு தோட்ட ரோட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். பழைய ஊன்றுகோலுக்குப் புது ரப்பர் வாங்கிப் போட்டுவிட்டேன். பங்குனியில் நான் முதலில் போய்வர வேண்டும்.